தொய்வு

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே ரேடியேட்டர் வறுத்தெடுக்கும் காற்று.
ஈரமானியின் முள் பதினெட்டில் படுத்துக் கிடக்கிறது.
இந்தக் காற்றில் எனக்கு உதடு வெடிக்கும்,
பிரிண்டருக்கு ஹெட் அடைக்கும்.

கடை திறந்ததும் முதல் வேலை
குழாயின் மேல் ஈரத் துண்டு விரிப்பது.
இரண்டாவது, வாளி நிறையத் தண்ணீர் வைப்பது.
மாலைக்குள் வாளி பாதியாகிவிடும்.
குடித்தது யாரென்று நான் கேட்பதில்லை.

லுவ்சன்தாஷ் கொண்டுவந்தது ஒரே ஒரு படம்.
சவ்ஹானில் எங்கோ ஒரு வெளி.
பனி, பனி, மேலே கொஞ்சம் வானம்.
அகலம் நாற்பத்துநாலு அங்குலம் வேண்டுமாம்,
மின்வாரிய அலுவலகச் சுவருக்கு.

பனியை அச்சடிக்க முடியாது.
வெள்ளை மை என்று இதில் ஒன்றும் இல்லை.
தாளைத் தாளாகவே விட்டுவைக்க வேண்டும்.
பன்னிரண்டு குப்பி மையும் வாய் மூடி இருக்கும் இடம்தான்
பனி.
அதன் நிழலில்தான் சிக்கல்:
சாம்பல் ஒரு மயிரிழை தவறினால்
ட்யூப் லைட்டில் பச்சை,
ஜன்னலருகே கொண்டுபோனால் ரோஜா.
பருத்தித் தாளுக்கென்று தனியாக ப்ரொஃபைல் போட்டேன்.
ரோலின் சுருளை முந்தின இரவே நிமிர்த்தி வைத்தேன்,
ஓரம் எழும்பி ஹெட்டில் உரசக் கூடாதல்லவா.

முதல் பிரதி வந்தது.
வானம் முடிந்து பனி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே
இடமிருந்து வலமாக
ஒரு கோடு.

அடைப்பு.
வேறென்ன?
ஹெட்டைச் சுத்தம் செய்யச் சொன்னேன்.
இயந்திரம் கனைத்தது, உறிஞ்சியது, துப்பியது.
சோதனைத் தாளில் எல்லாக் கட்டமும் முழுசு,
ஒரு பல்கூட விழவில்லை.
மறுபடி அச்சடித்தேன். கோடு.
தாள் நகரும் அளவைத் திருத்தினேன். கோடு.
ஆழமான சுத்தம் ஒன்று,
அது குடிக்கும் மைக்கு என் இரண்டு நாள் சம்பளம்.
கோடு.

முதலாளி அல்தாங்கெரெல் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து
கழிவுத் தொட்டியின் எடையைக் கையால் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.
சொல்லியிருக்கலாம்.

நாலு மணிக்கு லுவ்சன்தாஷ் வந்தார்.
தொப்பியில் உறைபனி,
ஒரு விரலில் நகம் இல்லை.
மன்னிக்கணும், நாளைக்கு வாங்க என்று தொடங்கி
அந்தக் கோட்டைக் காட்டினேன்.

அவர் குனிந்தார்.
தாளில் கை படாமல்
விரலைக் காற்றிலேயே ஓட்டிக்கொண்டு போனார்,
இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை.
பாதி வழியில் விரல் இறங்கியது,
பிறகு ஏறியது.

“இது நம்ம கம்பி.
மூணு குளிர்காலம் முன்னாடி இழுத்தோம்.
அந்தப் பக்கம் பதினோரு வீட்டுக்கு விளக்கு.”

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
நடுவில் தொய்ந்திருந்தது.
ஒரு மில்லிமீட்டர், கூடிப்போனால் இரண்டு.
அடைத்த துளைக்குத் தொய்வு தெரியாது,
அது நூல் பிடித்தாற்போலப் போகும்.
எடையுள்ளதுதான் தொய்யும்.

திரையில் படத்தைக் கையகலத்துக்குச் சுருக்கி வைத்துப் பார்த்தவள் நான்.
அந்த அளவில் கம்பி எங்கே தெரியும்?
மூன்று முறை மையைக் கொட்டி
ஒரு மனிதரின் மூன்று குளிர்காலத்தை
அழிக்கப் பார்த்திருக்கிறேன்.

சொல்லவில்லை.
மை காயட்டும், இரவு முழுக்கத் தட்டையாகக் கிடக்கட்டும்,
கண்ணாடிக்குள் அவசரமாக அடைக்காதீங்க என்று மட்டும் சொன்னேன்.
அவர் தலையாட்டி, பேசிய தொகையை எண்ணி வைத்தார்.
வீணாய்ப் போன மூன்று பிரதிகளையும் கேட்டார்.
கம்பி இழுத்த மற்ற மூன்று பேருக்காம்.

அணைக்குமுன் வழக்கம்போல ஒரு சோதனைத் தாள்.
அத்தனை உறிஞ்சலில் எங்கோ காற்று புகுந்திருக்க வேண்டும்:
வெளிர் சாம்பலில் ஒரு துளை,
இப்போது நிஜமாகவே,
விட்டுப் போயிருந்தது.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.
நேர்க்கோடு.
வாளியில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.